விதைநெல்

சென்னை நகரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி, கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர் ஆகிய நிலையங்களைக் கடந்து ஆவடியை அடைகிறது. வழியின் இருமருங்கிலும் இன்று தொழிற்கூடங்களும் அடுக்கு வீடுகளும் நெருங்கி நிற்கின்றன. எனினும், அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி என்னும் பெயர்கள், இது முன்னாளில் ஏரி நீரால் நெல் விளைந்த நிலம் என்பதை நினைவூட்டுகின்றன. அந்நாளைய உழவன், அறுவடை முடிந்ததும் நல்ல மணிகளைத் தெரிந்தெடுத்து விதைக்கென ஒதுக்கி வைத்தான். வானம் பொய்த்து, வீட்டில் உலை ஏறாத நாளிலும் அந்நெல்லில் கைவைக்க அவன் துணியான். விதைநெல்லை உண்டவனுக்கு அடுத்த ஆண்டு விளைச்சல் இல்லை என்பதை அவன் நன்கு அறிந்திருந்தான்.

அறிவுத் துறைக்கும் இத்தகைய விதைநெல் உண்டு. புதியதொரு கருத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பும் ஆராய்ச்சியாளர் பொருளுதவி நாடிச் செல்கிறார். பெருநிதி வழங்கும் அமைப்புகளோ, அக்கருத்து பயன்தரும் என்பதற்குச் சான்று கேட்கின்றன. கேட்பது தவறன்று, பொதுப்பணத்தை ஆராய்ந்தே அளித்தல் வேண்டும். ஆனால், சோதனை செய்யாமல் சான்று கிடைக்காது. பணமின்றிச் சோதனை நடவாது. அவ்வேளையில், முதற் சோதனைகளுக்கென எவரேனும் மனமுவந்து அளிக்கும் சிறுதொகையே விதைநிதி எனப்படும். அது வீணாகவும் கூடும். முளைத்தால் ஊருக்கே உணவாகவும் கூடும். புற்றுநோய் ஆராய்ச்சியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

மனித உடல் காவலற்ற வீடன்று. குருதியில் உலவும் வெள்ளணுக்களுள் டி அணுக்கள் என ஒருவகை உண்டு. உடலின் உயிரணுக்கள், தம்முள் உருவாகும் புரதங்களின் சிறு துணுக்குகளைத் தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. டி அணுக்கள் அவற்றைச் சோதிக்கின்றன. இயல்பானவை எனில் விலகிச் செல்கின்றன. அயலானவை எனில் அவ்வுயிரணுவை அழிக்கின்றன. அவ்வாறாயின், கட்டுப்பாடின்றிப் பெருகும் புற்றுநோய்க் கழலையை அவை ஏன் அழிப்பதில்லை? இவ்வினா அறிஞர்களைப் பல்லாண்டுகள் மலைக்கச் செய்தது.

கழலை தப்பிக்கும் வழிகள் பல. ஆவடியிலுள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையில் உருவாகும் டாங்கிகளுக்கு மண்ணையும் தழையையும் ஒத்த வண்ணம் தீட்டுவது, அவை பகைவர் கண்ணுக்குப் புலப்படாமல் இருத்தற்பொருட்டாகும். சில புற்று அணுக்களும் அத்தகையனவே. தம்மைக் காட்டிக்கொடுக்கும் புரதத் துணுக்குகளை வெளியே காட்டாமல் அவை மறைந்து வாழ்கின்றன. மற்றொரு வழி இதனினும் வியப்பிற்குரியது. பாடி, அம்பத்தூர்ப் பகுதித் தொழிலகங்களில் வண்டிகளுக்குரிய பிரேக்குகள் செய்யப்படுகின்றன. டி அணுக்கள் வரம்புமீறி நல்ல உறுப்புகளைத் தாக்காதவாறு, இயற்கையும் அவற்றிற்குப் பிரேக்கு போன்ற தடைகளை அமைத்துள்ளது. புற்று அணு தன் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தால் அத்தடையை அழுத்துகிறது. தாக்க வந்த காவலன் ஓய்ந்து நிற்கிறான், கழலை வளர்கிறது.

இவ்வுண்மைகள் தெரியாத காலத்திலேயே, உடலின் எதிர்ப்பாற்றலைக் கொண்டு புற்றுநோயை வெல்ல முயன்றவர் நியூயார்க்கு நகரத்து அறுவை மருத்துவர் வில்லியம் கோலி ஆவார். அவரிடம் சிகிச்சை பெற்ற எலிசபெத்து டாஷீல் என்னும் இளமங்கை, எலும்புப் புற்றுநோயால் 1891ஆம் ஆண்டில் இறந்தாள். அத்துயரம் அவரை வருத்தியது. பழைய மருத்துவக் குறிப்புகளை அவர் தேடிப் படித்தார். கழலையால் வருந்திய ஒருவருக்குத் தோலைப் பற்றும் கொடிய தொற்றுநோய் ஒன்று வந்து நீங்கியதும் கழலையும் மறைந்த செய்தியை அவற்றில் கண்டார். தொற்றால் விழித்தெழுந்த எதிர்ப்பாற்றல் கழலையையும் தாக்கியது போலும் என எண்ணி, பாக்டீரியாக்களை நோயாளிகளின் உடலிற் செலுத்திப் பார்த்தார். சிலர் பிழைத்தனர்; பலருக்குப் பயன் விளையவில்லை. காரணம் எவருக்கும் விளங்காமையாலும், கதிர்வீச்சுச் சிகிச்சை பரவியமையாலும் அம்முறை கைவிடப்பட்டது. கோலி 1936ஆம் ஆண்டில் மறைந்தார்.

அவருடைய மகள் எலன் கோலி நாட்சு மருத்துவம் பயின்றவர் அல்லர். ஆயினும், தந்தையாரின் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து, பல நூறு நோயாளிகளின் வரலாறுகளைத் தொகுத்தார். புகழ்பெற்ற மருத்துவர் பலர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. அவர் மனம் தளராது, 1953ஆம் ஆண்டில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதற்கு விதைநெல்லாக அமைந்தது நெல்சன் ராக்கெபெல்லர் வழங்கிய 2,000 டாலர் ஆகும். அறுபதாண்டுகளுக்கு முன் மாண்ட எலிசபெத்து, இந்நெல்சனின் தந்தைக்கு நெருங்கிய தோழியாவாள். ஒரு மங்கையின் மறைவால் இரு குடும்பங்களில் ஊன்றிய துயரம், இவ்வாறு ஓர் அறப்பணியாய் முளைத்தது.

முளைத்த பயிர் கதிர்விடப் பல்லாண்டுகள் ஆயின. ஜப்பானியப் பேரறிஞர் தசுக்கு ஓஞ்சோ 1992ஆம் ஆண்டில் டி அணுக்களின் தடைகளுள் ஒன்றான பிடி-1 என்னும் புரதத்தைக் கண்டறிந்தார். அமெரிக்க அறிஞர் ஜேம்சு ஆலிசன் மற்றொரு தடையை நீக்கி, எலிகளின் கழலைகள் கரைவதைக் காட்டினார். தடையை விலக்கும் முதல் மருந்து 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவ்விருவருக்கும் 2018ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. இம்மருந்துகள் எல்லார்க்கும் பயன்தருவன அல்ல. தடை நீங்கிய காவலர் நல்ல உறுப்புகளைத் தாக்குதலும் உண்டு. ஆயினும், முன்பு நம்பிக்கையிழந்த நோயாளிகளுள் சிலர் இன்று நீண்டநாள் வாழ்கின்றனர்.

எலன் அம்மையார் நிறுவனம் கண்ட அதே காலத்தில், சென்னையிலும் ஒரு விதை ஊன்றப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்தவர். இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு பொதுமக்களிடம் பொருள் திரட்டி, 1954ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். அன்று அங்கிருந்தவை 12 படுக்கைகளே. அவருடைய மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அரசுப் பணியை விடுத்து 1955ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். சிகிச்சையோடு ஆராய்ச்சியும் அங்கே இடம்பெற்றது.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். படுக்கையில் நோயாளி துடிக்கும்போது, என்றோ பயன்தரும் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குதல் முறையாகுமா? இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. இன்று துடிப்பவரின் துயர் மெய்யானது. நாளைய மருந்தோ ஐயத்திற்குரியது. பசித்த பிள்ளையின் முன் விதைநெல்லைப் பூட்டி வைக்கும் உழவனின் நெஞ்சும் இவ்வாறே நொந்திருக்கும். ஆயினும், அவன் குவியல் முழுவதையும் பூட்டி வைக்கவில்லை. பெரும்பகுதியை உணவுக்களித்து, ஒரு பகுதியையே விதைக்கெனக் காத்தான்.

பிறநாட்டார் கண்டுபிடிக்கட்டும், நாம் வாங்கிக்கொள்வோம் என்று வாளாவிருத்தலும் பொருந்தாது. அம்மருந்துகளின் விலை ஏழையர்க்கு எட்டுவதில்லை. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழக அறிஞர்களும் டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்களும் கூடி, நோயாளியின் டி அணுக்களையே மாற்றியமைத்துப் புற்றைத் தாக்கச் செய்யும் சிகிச்சையை உருவாக்கினர். அது 2023ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. அதன் செலவு அயல்நாட்டுச் செலவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே என்பர். அத்தொகையும் ஏழைக் குடும்பத்திற்குப் பெரிதே. எனினும், இங்கே விதைத்தமையால் அன்றோ இவ்வளவேனும் குறைந்தது!

அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இயங்குகிறது. அதன் வாயிலைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் சிறுவர் சிறுமியருள் எவர் நாளைக்குக் கழலையின் புதியதொரு சூழ்ச்சியைக் கண்டறிவர் என்பதை இன்று யாரும் கூறவியலாது. அவருக்கு அந்நாளில் முதற் சோதனைக்கு உதவும் சிறுதொகை கிடைத்தல் வேண்டும். அறுவடையைத் தான் காண்பது உறுதியன்று என்று தெரிந்தும், விதைநெல்லைக் காத்து வைப்பது ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிய கடமையாகும்.