குடுமிச் சேவலுக்கு விலை கேட்டார்கள்

கற்பிட்டிக் கரையில் ஊர்க்கோழி இல்லாத வளவு குறைவு. அதுகளுக்குள்ள ஒன்றிரண்டு மட்டும் தலையில் இறகுக் கொத்தோடு திரியும். நாங்கள் குடுமிக்கோழி என்போம். உம்மும்மாவுக்கு அது 'தொப்பிக்காரி'.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எங்கட ஆட்கள் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு வந்தவர்கள். ஆலங்குடாவில் கிடுகுக் கொட்டிலில் இருந்த நாட்களில், பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கொடுத்த குடுமிப்பேடுதான் உம்மும்மாவின் முதல் உயிர்ச்சொத்து. எங்களிடம் இப்ப இருக்கிற ஒரு சேவலும் இரண்டு பேடும் அதன் வழி வந்தவை.

ஏன் இவ்வளவு குறைந்தது? இறகு கண்ணை மறைக்கும். மேலே பருந்து வருவதும் தெரியாது, வேலியடியில் கீரி நிற்பதும் தெரியாது. சந்தையில் நிறைக்குத்தான் காசு, குடுமிக்கு ஒரு சதமும் இல்லை.

குடுமி எப்படி வருகிறது என்று தேடிப் பார்த்தோம். 2012இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று 'ஹொக்ஸ்-சி-8' என்ற மரபணுவைச் சொல்கிறது. உடம்புத் தோலில் வேலை செய்யவேண்டியது, இந்தக் கோழிகளில் தலைத்தோலிலும் வேலை செய்கிறதாம். அதனால்தான் தலையில் உடம்பிறகு மாதிரி நீளமாக முளைக்கிறது. ஒல்லாந்தர் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிய அதே 17ஆம் நூற்றாண்டில், அவர்களுடைய ஓவியர் ஹொண்டெகூட்டர் குடுமிக்கோழிகளை வரைந்திருக்கிறார். அழகுக்கு வளர்க்கிற பைத்தியம் புதிதல்ல.

போன மாதம் கொழும்பிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். 'போலிஷ்' கோழியோடு கலக்கச் சேவல் வேணுமாம். சொன்ன விலை, ராத்தாவின் ரியூசன் காசுக்கு ஆறு மாதம் காணும். வீட்டில் இரண்டு நாள் சண்டை. "கோழிக்காகப் பிள்ளையின்ட படிப்பை விடுறதா?" என்று உம்மா கேட்டது நியாயம்தான். ஆனால் குடுமிச் சேவலைச் சாதாரணப் பேடோடு விட்டாலும் குஞ்சுகளில் குடுமி வரும், கொஞ்சம் சின்னதாக. பேடு போனால் ஒரு கூட்டு முட்டை போகும். சேவல் போனால் ஊர் முழுக்கப் போகும்.

கடைசியில் சேவலைக் கொடுக்கவில்லை, முட்டை தருகிறோம் என்றோம். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. உம்மா எங்களோடு சரியாகக் கதைக்கவும் இல்லை.

சேவலின் கண்ணுக்கு மேலே இறகை வெட்டிவிட்டோம். குடுமியில்லாத பேடு ஒன்றுக்குக் கீழே பதினொரு முட்டை அடை வைத்திருக்கிறோம். குஞ்சு கேட்டு ஐந்து வீட்டார் சொல்லி வைத்திருக்கிறார்கள். இன்றைக்குப் பதினெட்டாம் நாள்.