படலை பூட்டியிருந்தும்

ஆசிரியத் தொழிலிலே இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்டவர்க்கு ஒரு நோய் பற்றிக்கொள்வதுண்டு. அரைகுறையாய் அறிந்ததை முழுவதும் அறிந்தவர்போலச் சொல்லிவிட்டு, கேள்வி எழும்போது குரலை உயர்த்துவதே அந்நோய். சென்ற தவணையில் அஃது எம்மையும் பற்றியது.

கணிதம் கற்பிக்கும் எமக்கு, வராத ஆசிரியர் ஒருவருக்குப் பதிலாக, உயர்தர வகுப்பிலே கணினிப் பாதுகாப்பைப் பற்றிப் பேச நேர்ந்தது. "வீட்டு வைபைக்கு நீண்ட கடவுச்சொல்லை இடுங்கள். படலையைப் பூட்டிவிட்டால் அப்பால் அச்சமில்லை" என்று முடித்தோம். கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், கடவுச்சொல்லைக் கேட்பதற்கு முன்னரே அயலிலுள்ள வைபைகளின் பெயர்களைக் கணினி காட்டுகிறதே. அந்தப் பெயர்களை உள்ளே எடுப்பது யார்? அங்கே பூட்டு உண்டா?"

"பாடத்தில் இல்லாததைக் கேளாதே, இரு" என்றோம். அவன் இருந்துவிட்டான். எமக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

அன்றிரவு தேடிப் படித்தோம். பணிசெயல் முறைமைக்கும் கணினியிற் பொருத்திய கருவிகளுக்கும் இடையே நின்று ஏவல் செய்யும் மென்பொருளை 'டிரைவர்' என்பர். வைபைச் சிப்பு வானலையிலிருந்து பெறுவதைக் கையேற்பது இதுவே. பெரும்பாலும் இது முறைமையின் கருவறை எனத்தக்க 'கேர்ணல்' பகுதியிலே வேலை செய்கிறது. கருவறைக்குள் நிற்கும் பூசகரை வாயிற்காவலர் சோதிப்பதில்லையல்லவா? அதுபோல, டிரைவர் பிழைசெய்தாலும் தடுத்துக் கேட்பாரில்லை.

2006 நவம்பரில், கேர்ணல் குறைகளை நாளுக்கொன்றாக வெளியிட்ட ஒரு முயற்சியின்போது, 'ஜொனி காஷ்' என்ற புனைபெயருடைய ஆய்வாளர் கண்ட குறையொன்று வெளிவந்தது. அது புறோட்கொம் நிறுவனத்தின் வைபை டிரைவரில் இருந்தது. எச்.பி., டெல், கேட்வே முதலிய நிறுவனங்கள் விற்ற கணினிகளிலும் அந்த டிரைவர் இடம்பெற்றிருந்தது. வைபை வலையமைப்பின் பெயர் 32 பைற்றுக்கு மேற்படலாகாது என்பது விதி. அயலிலிருந்து ஒருவர் அதனிலும் நீண்ட பெயரை அனுப்பினால், அந்த டிரைவர் அளந்து பாராமலே அதனை ஏற்றுக்கொண்டது.

இதனால் என்ன கேடு? எமது புள்ளிப் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். பெயருக்கு விட்ட நிரலிலே அடங்காத பெயரை எழுதிக்கொண்டே போனால், அது பக்கத்து நிரலிலுள்ள புள்ளியின்மேல் ஏறிவிடும். கணினியின் நினைவகத்திலோ, அந்தப் பக்கத்து நிரலில் இருப்பது அடுத்து எந்தக் கட்டளைக்குத் திரும்புவது என்ற குறிப்பு. அதன்மேல் எழுதியவன் கணினிக்கு எசமானன் ஆகிவிடுகிறான். கடவுச்சொல்லோ கேட்கப்படவேயில்லை!

இது பழங்கதையென்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. 2019 அக்டோபரில் லினக்ஸ் முறைமையிலே, றியல்ரெக் சிப்புக்குரிய டிரைவரில், மேலெல்லையை அளவாத அதே வகைப் பிழை அறியவந்தது. 2024 யூனில் விண்டோஸ் வைபை டிரைவரிலிருந்த ஒரு குறைக்கு மைக்ரோசொப்ற் திருத்தம் வெளியிட்டது. வானலை எட்டும் தூரத்தில் ஒருவன் இருந்தாற் போதும். கணினிக்கு உரியவர் எதனையும் அழுத்தவேண்டியதில்லை என்பதே அதன் கொடுமை.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்றெண்ணியபடி எமது மடிக்கணினியைத் திறந்தோம். 'இற்றைப்படுத்தல் காத்திருக்கிறது' என்ற அறிவிப்பு வழக்கம்போல முன்னே நின்றது. டேற்றா தீர்ந்துவிடுமேயென்று பல மாதங்களாக அதனை ஒதுக்கி வந்தோம். அக்கணினியிலேதான் எம் மாணவரின் தவணைப் புள்ளிகளும், சில பெற்றோர் எம்மை நம்பி எழுதிய குடும்பத் துயரங்களும் இருந்தன. சில நூறு ரூபாவை மிச்சம் பிடிக்க எவருடைய மானத்தைப் பணயம் வைத்திருந்தோம் என்று நினைக்க வெட்கமாயிருந்தது. பணி முடியும்வரை விழித்திருந்தோம்.

மறுநாள் அதே வகுப்புக்குச் சென்று, "நேற்று நாம் சொன்னது பாதி, கேட்டவன் கேட்டது சரி" என்றோம். வகுப்பு அமைதியாயிற்று. அம்மாணவன் எழுந்து, "அப்படியானால் கணினிக் கூடத்துப் பழைய கணினிகளுக்கு என்ன செய்வது, சேர்?" என்றான். இம்முறை அவனை இருக்கச் சொல்லவில்லை, கரும்பலகையருகே அழைத்தோம். இருவருமாகக் கணக்கெடுத்தோம். திருத்தம் வருவனவற்றுக்கு அதனை இடுவது. தயாரித்தவர் கைவிட்டவற்றில் வைபையை நிறுத்திவிட்டுக் கம்பி வழியே இணைப்பது என்று முடிவாயிற்று.

பெற்றோரே, நீண்ட கடவுச்சொல் இன்றும் வேண்டியதே. படலையைத் திறந்து போடச் சொல்லவில்லை. ஆனால் இற்றைப்படுத்தல் அறிவிப்பு வரும்போது 'நாளை' என்று தள்ளாதீர்கள். வைபை தேவையில்லாத வேளையில் அதனை நிறுத்திவையுங்கள். உங்கள் பிள்ளை பாடத்தில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டால், எம்மைப்போல அவனை இருத்திவிடாதீர்கள்.