கடைத் தேங்காய்

நம் சங்கத்தின் பொங்கல் விழாக் கணக்கை நான் வண்ண வரைபடமாகத் திரையில் காட்டியது உங்களுக்கு நினைவிருக்கலாம். அன்று கைதட்டினீர்கள். அதில் பாதி எனக்கு உரியதன்று என்பதை இன்று சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டரில் வரைபடம் போட ஒவ்வொரு கோட்டுக்கும் நாமே நிரல் எழுத வேண்டுவதில்லை. வல்லுநர் எழுதிவைத்த தொகுதிகள் உண்டு. ‘சார்ட் லைப்ரரி’ என்பார்கள். நான் எடுத்தாண்ட லைப்ரரி, படத்தின் மூலையில் தன் பெயரைக் காட்டியது. அது கண்ணை உறுத்தவே, ஒரே வரியில் மறைத்துவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று மகிழ்ந்தும் கொண்டேன்.

விழாவுக்கு வந்திருந்த தமிழர் ஒருவர், கரோல் பாகில் அப்பளமும் காபித்தூளும் விற்பவர், தம் விற்பனைக் கணக்குக்கும் அதுபோலச் செய்து தரக் கேட்டார், ஊதியமும் பேசினார். முதல் சம்பாத்தியம்! அம்மாவுக்குப் புடவை எடுப்பதாக மனக்கோட்டை கட்டினேன்.

அறையிலிருந்த மூத்த மாணவர் கேட்டார்: “தம்பி, உரிமத்தைப் படித்தாயா?”

“இலவசம்தானே, அண்ணா?”

“யாருக்கு இலவசம்?”

அன்றிரவுதான் படித்தேன். மாணவருக்கும் லாபம் கருதாத சங்கங்களுக்கும் இலவசம், வணிகத்துக்குக் கட்டணம், பெயரை நீக்கவோ எவர்க்கும் அனுமதி வேண்டும். ஐயந்தீர அவர்களுக்கே எழுதிக் கேட்டேன். பதிலும் அதுவே. கட்டணமோ என் ஊதியத்தினும் மிகுதி! கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தவன் நான் என்பது அப்போது உறைத்தது.

பிறகு ‘சார்ட்.ஜேஎஸ்’ என்னும் லைப்ரரியை நாடினேன். அது ‘எம்.ஐ.டி.’ உரிமத்தில் வருவது. வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். நிபந்தனை ஒன்றே: ஆக்கியோரின் பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் உடன் வைக்க வேண்டும்.

தொல்லைகள் தொடங்கின. ஒரு லட்சத்தை அது 100,000 என்று காட்டிற்று. கடைக்காரர் முகம் சுளித்தார். ‘லொகேல்’ என்னுமிடத்தில் இந்தியாவுக்குரிய குறியைக் கொடுத்ததும் 1,00,000 ஆயிற்று. ‘கும்பகோணம் டிகிரி காபித்தூள்’ போன்ற நீண்ட பெயர்கள் தூண்களின் அடியில் சாய்ந்து நின்றன. சில காணாமலே போயின. ‘இண்டெக்ஸ் ஆக்ஸிஸ்’ என்பதை ‘ஒய்’ என மாற்றினேன். நின்ற தூண்கள் படுத்துக்கொண்டன. பெயர்கள் இடப்பக்கம் ஒழுங்காக அமர்ந்தன.

வேலை முடிந்து கோப்பைச் சுருக்கும்போது, தலைப்பில் இருந்த பதிப்புரிமை வரியையும் வெட்டக் கை போயிற்று. சட்டென நிறுத்தினேன். முன்பின் அறியாதவர்களின் உழைப்புக்கு நான் தரும் விலை அந்தச் சில வரிகள்தாமே! அதையும் தர மனமில்லாவிட்டால் எப்படி?

புடவை எடுத்தாயிற்று. மற்றொரு வேலையும் முடிந்தது. பொங்கல் கணக்குப் படத்தின் மூலையில் நான் மறைத்த பெயர் இப்போது மீண்டும் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் காட்டுகிறேன். மீதிக் கைதட்டலை அதற்குத் தாருங்கள்.