ஷட்டர்

எங்கள் வீட்டு ஷட்டர் கத்தினால் தெருவில் நாலு வீட்டுக்குக் கேட்கும். காரைக்காலில் கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் வீடு. கார் வாங்கியபோது முன்பக்கத் திண்ணையை இடித்து ஷெட் ஆக்கினோம். அதற்கு முன் இருந்த மரக்கதவும் கத்தியதுதான். ஆயா அதன் குடுமியில் ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடுவார், அதோடு சரி.

போன வருஷம் ஒரு மாதம் பெங்களூரிலிருந்து வந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். பக்கத்து வீட்டு மாடியில் கைக்குழந்தை. அதன் அம்மா ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணே, காலங்காத்தால ஷட்டர் சத்தத்துல புள்ள முழிச்சிக்குது. கொஞ்சம் எண்ணெய் போட்டுப் பாருங்களேன்."

பன்னிரண்டு வருஷமாக மற்றவர்கள் எழுதிய கோடில் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஒரு ஷட்டர் எம்மாத்திரம்?

அம்மா மட்டும், "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டுமே, எதுக்கு அதைப் போய் நோண்டுற?" என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார் என்று விட்டுவிட்டேன்.

முதல் மூன்று நாள் ஒன்றும் பிடிபடவில்லை. பத்து மணி மீட்டிங் முடிந்து வந்து தூக்கிப் பார்ப்பேன். ஷட்டர் சமர்த்தாக ஏறும். "என் மெஷினில் நன்றாகத்தானே ஓடுகிறது" என்று நாங்கள் டெஸ்டர்களிடம் சொல்வோமே, அந்த நிலைமை. பிறகுதான் உறைத்தது: அது கத்துவது நாளின் முதல் தூக்கலில் மட்டும், அதுவும் விடிவதற்கு முன்னால். கடற்காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் படிகிறது. ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். எங்கள் ஊர் ராத்திரிகள் பெரும்பாலும் அதற்கு மேல்தான். விடிய விடிய ஊறி, லேசாகத் துருப்பிடித்து, முதல் அசைவில் ரெண்டு இரும்புப் பரப்புகள் ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டு நகர்கின்றன. அந்த அதிர்வுதான் சத்தம். வயலின் வில் கம்பியை இழுப்பதும் இதே விதிப்படிதான், கேட்கத்தான் வேறு மாதிரி இருக்கும்.

ஆகவே விடியற்காலை ஐந்து மணிக்கு ஆராய்ச்சி. அப்பாதான் ஷட்டரைத் தூக்கினார். நான் ஸ்டூலில் ஏறி, திருப்புளியின் நுனியை இரும்பில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பழைய மெக்கானிக்குகள் இன்ஜினுக்குச் செய்வது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு முதல் தூக்கல் என்பதால் நாளைக்கு ஒரு இடம். இடதுபக்கப் பாதை, வலதுபக்கப் பாதை, தாங்குகட்டை. அப்பாவுக்கு ஒரே உற்சாகம். "என்னடா, கண்டுபுடிச்சியா?" என்று பரீட்சை ரிசல்ட் கேட்பதுபோல் கேட்பார். நாலாம் நாள் மேலே குழாயில் இருக்கும் ஸ்பிரிங் பெட்டிமேல் வைத்தேன். காது கிழிந்தது.

அந்தப் பெட்டிக்குள் சாவி கொடுக்கும் கடிகாரத்தில் இருப்பதுபோல் தட்டையான எஃகுப் பட்டை சுருண்டிருக்கும். ஷட்டரை இறக்கும்போது அது முறுக்கேறும். தூக்கும்போது அந்த முறுக்குதான் பாதி எடையைச் சுமக்கும். அதை நாமே திறக்கக் கூடாது, கை போய்விடும். டபிள்யூடி-40 அடித்தேன். 1953இல் அமெரிக்காவில் ஏவுகணை துருப்பிடிக்காமலிருக்கத் தண்ணீரை விரட்டுவதற்காக, நாற்பதாவது முயற்சியில் உருவான திரவம் அது. விரட்டியது. ரெண்டு நாளில் தண்ணீர் திரும்பி வந்தது. கடைசியில் ஷட்டர் மிஸ்திரி பாயைக் கூப்பிட்டோம். அவர் பெட்டியைக் கழற்றி, துருவைத் தேய்த்து, கிரீஸ் அப்பி மாட்டினார். மறுநாள் பூனை நடப்பதுபோல் ஏறியது. பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்தது.

அதற்கடுத்த வியாழக்கிழமை ஆறு மணிக்கு அம்மா என்னை உலுக்கி எழுப்பினார். ஷட்டர் பாதி திறந்திருக்கிறது, அப்பாவைக் காணோம், சைக்கிளைக் காணோம்.

"வாக்கிங் போயிருப்பார்மா."

அம்மா கட்டிலில் உட்கார்ந்து அழுதார். அப்போதுதான் சொன்னார். ஒன்றரை வருஷமாக அப்பாவுக்கு வழி மறக்கிறது. மூன்றரையிலிருந்து ஐந்தரைக்குள் எப்போது வேண்டுமானாலும் எழுந்து கிளம்பிவிடுவார். ஷட்டர் கத்தியதும் அம்மா எழுந்து வாசலுக்கு வந்து, "என்னங்க, அப்புடியே பால் வாங்கிட்டு வந்துடுங்க" என்று பையைக் கொடுப்பார். கையில் பை இருந்தால் பால்பூத், பாலிருந்தால் வீடு என்று அவருக்கு ஞாபகம் நிற்கிறது. பைக்குள் அம்மாவின் போன் நம்பர் எழுதிய சீட்டு. "நீ அங்க இருந்துகிட்டு வேதனைப்படுவேன்னுதான் சொல்லலை. அவரை வச்சுகிட்டு எப்புடிச் சொல்றது?"

அவர் தூக்க, நான் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், நாலு நாள்.

எங்கள் ஊரைச் சுற்றி தமிழ்நாடு. தெற்கே போனால் திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர், அதோடு புதுச்சேரி முடிந்தது. வாஞ்சூர் எதற்குப் பேர்போனது என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். சாத்தியிருந்த பிராந்திக் கடைகளுக்கு எதிரே சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார், வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனிதர். என்னைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது அவருக்கு. "எவ்வளவு நேரமா நிக்கிறேன்?"

மென்பொருளில் ஹைரம் விதி என்று ஒன்று உண்டு. ஹைரம் ரைட் என்ற பொறியாளரின் பேரால் வழங்குவது. ஒரு நிரலைப் போதுமான பேர் பயன்படுத்தினால், அதன் வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும், நாம் வாக்குறுதி கொடுக்காததைக்கூட, எவராவது நம்பிக்கொண்டிருப்பார்கள் என்பது. ஜூனியர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஜப்பானில் கியோட்டோவின் நிஜோ கோட்டையில் நடந்தால் பறவைபோல் கீச்சிடும் மரத்தளம் இருக்கிறது. திருட்டுத்தனமாக வருபவனைக் காட்டிக்கொடுக்க அப்படிச் செய்தார்கள் என்பது கதை; ஆணிகள் தளர்ந்து பிடிகளில் உராய்வதால் தானாக வந்த சத்தம் என்றும் சொல்கிறார்கள்.

அன்று மாலையே கதவு சென்சார் வாங்க போனைத் திறந்தேன். ஷட்டர் திறந்தால் அம்மாவின் போன் அடிக்கும். அது வேண்டாமென்றால் ஒரு வெண்கல மணி. அம்மா ரெண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

"மாட்டுக்குத்தான்டா மணி கட்டுவாங்க. அவருக்குத் தெரிஞ்சுபோவும்."

துருப்பிடித்த ஷட்டர் யாரையும் கண்காணிப்பதில்லை. அது ஷட்டர், கத்துகிறது, அவ்வளவுதான்.

மறுபடி பாய். அப்பா தூங்கும் மத்தியான நேரமாகப் பார்த்து வரச் சொன்னேன். கிரீஸைத் துடைத்து எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் முப்பது வருஷமாக ஷட்டர் மாட்டுகிறவர். சத்தம் வர வையுங்கள் என்று கேட்ட முதல் ஆள் நான்தானாம். காரணம் சொன்னேன். கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்பிரிங்ல கை வைக்க வேணாம் தம்பி. காஞ்சா அறுந்துடும், வாப்பா தூக்கும்போது மொத்த எடையும் அவர் கையில வந்துடும். சத்தம்தானே வேணும், கீழ வச்சுக்குவோம்."

கீழ்ப்பட்டையின் ஓரத்தைச் சுத்தியலால் ரெண்டு தட்டுத் தட்டினார். இப்போது தூக்கினால் முதல் ரெண்டடிக்குப் பக்கவாட்டுப் பாதையில் உராய்ந்து கர்ரென்கிறது. அடித்தொண்டைச் சத்தம், அம்மாவின் அறைவரை வரும், பக்கத்து மாடிக்கு ஏறாது. பாய் காசு வாங்கவில்லை.

அடுத்த நாள் நாலே முக்காலுக்கு அது கேட்டது. அம்மா எழுந்து பையோடு போகும் காலடியும் கேட்டது. நானும் எழுந்து வாசலுக்கு வந்தேன். அப்பா பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு வாரம் தாங்கலை பாரு, மறுபடி கத்துது. நீயெல்லாம் என்னடா இன்ஜினியர்?"