அடிமைகள் திரும்பி வந்த ஊர்!

மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டுக்கு விமானத்தில் போனால், நேராகத் தலைநகரில் இறங்க முடியாது. விமான நிலையம் இருப்பது லுங்கியில், அகன்ற ஆற்று முகத்துவாரத்தின் வடகரையில். சாலையில் சுற்றிக்கொண்டு போனால் நேரமாகும் என்பதால், பலரும் பெட்டியும் கையுமாகப் படகில் ஏறிவிடுகிறார்கள். எதிர்க்கரையில் கடலை ஒட்டிப் பச்சைப் பசேலென்று மலைகள். சரிவெல்லாம் வீடுகள். அதுதான் ஃப்ரீடவுன். தமிழில் சொன்னால், சுதந்திர நகரம்.

இந்த மலைகளைப் பார்த்துத்தான் 1462-ல் போர்த்துகீசிய மாலுமி பெட்ரோ டி சிந்த்ரா 'சிங்க மலை' என்று பெயர் வைத்தார். அதுவே திரிந்து 'சியரா லியோன்' ஆனது. தலைநகரின் பெயருக்குப் பின்னால் இருப்பதோ பெரிய போராட்டக் கதை.

ஆற்றுக்குள் ஒரு அடிமைக் கோட்டை

ஃப்ரீடவுனிலிருந்து ஆற்றில் சுமார் 30 கிலோமீட்டர் மேலே போனால் பன்ஸ் தீவு வரும். 1670-ஐ ஒட்டி ஆங்கிலேய வணிகர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். உள்நாட்டில் பிடிபட்ட ஆண்கள், பெண்கள், குழந்தைகளை இங்கே அடைத்துவைத்து, கப்பல் வந்ததும் விற்றார்கள். இப்படிப் போனவர்கள் பல்லாயிரம் பேர்.

அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம், அமெரிக்காவின் தென் கரோலினா, ஜார்ஜியா நெல் வயல்கள். இந்தக் கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்தவர்கள். அந்தக் கைத்திறனே அவர்களுக்கு வினையாகிப்போனது. நெல் தெரிந்த அடிமைகளைத் தோட்ட முதலாளிகள் தேடித் தேடி வாங்கினார்கள்.

மழையோடு வந்த முதல் கப்பல்கள்

அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டன் ஓர் அறிவிப்பு செய்தது. 'எஜமானனை விட்டு எங்கள் பக்கம் வரும் அடிமைகளுக்கு விடுதலை' என்பதே அது. ஆயிரக்கணக்கானோர் ஓடி வந்தார்கள். போரில் பிரிட்டன் தோற்றது. வந்தவர்களில் சிலர் லண்டன் தெருக்களில் வேலையில்லாமல் அலைந்தார்கள்.

இவர்களை ஆப்பிரிக்காவில் குடியேற்றும் திட்டத்தை முன்னின்று ஆதரித்தவர், அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கிரான்வில் ஷார்ப். 1787 மே மாதம் சுமார் 400 பேர் வந்து இறங்கினார்கள். வந்த நேரம் மழைக்காலம் தொடங்கிவிட்டது. கூடாரத்துக்குள் வெள்ளம், காய்ச்சல், பசி. ஏராளமானோர் இறந்துபோனார்கள்.

அந்த மண் ஆளில்லாத மண்ணும் அல்ல. டெம்னே மக்களின் பூமி அது. பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று தங்கள் ஊரைக் கொளுத்தியதற்குப் பழிவாங்க, 1789-ல் டெம்னே தலைவர் கிங் ஜிம்மி இந்தக் குடியிருப்பை எரித்துவிட்டார்.

இலவ மரத்தடியில்...

பிரிட்டன் பக்கம் ஓடிவந்தவர்களில் சுமார் 3,000 பேரைக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். 'ஆளுக்கு நிலம்' என்ற வாக்குறுதியை நம்பி, உறைபனியில் வருஷக்கணக்கில் இலவு காத்த கிளியாக இருந்தார்கள். பலருக்குக் கடைசிவரை நிலம் கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவரான தாமஸ் பீட்டர்ஸ், எல்லோர் சார்பிலும் மனுவை எடுத்துக்கொண்டு லண்டனுக்கே போய்விட்டார்!

பலன் கிடைத்தது. கடற்படை அதிகாரி ஜான் கிளார்க்சன் தலைமையில், 1792 ஜனவரியில் 15 கப்பல்களில் சுமார் 1,200 பேர் புறப்பட்டார்கள். மார்ச்சில் கரை சேர்ந்தவர்கள், அங்கே நின்ற பெரிய இலவ மரத்தடியில் கூடி நன்றி செலுத்தினார்கள் என்பது ஊரின் நம்பிக்கை. ஃப்ரீடவுன் பிறந்தது அப்போதுதான். கூட்டத்தில் சிலர் சிறுவயதில் இதே கரையிலிருந்து விற்கப்பட்டவர்கள். ஊரை உண்டாக்க அலைந்த தாமஸ் பீட்டர்ஸ், அதே ஆண்டு ஜூனில் காய்ச்சலில் இறந்துபோனார்.

இன்னொரு கொடுமை, பன்ஸ் தீவில் ஆள் விற்பனை அப்போதும் நிற்கவில்லை. விடுதலையானவர்கள் வீடு கட்டிக்கொண்டிருக்க, அவர்கள் கண்ணெதிரே அடிமைக் கப்பல்கள் கடலுக்குப் போயின. பிரிட்டன் 1807-ல் சட்டம் போட்ட பிறகே அந்த வியாபாரம் ஓய்ந்தது.

வாஷிங்டனிடமிருந்து தப்பியவர்

குடியேறியவர்களில் ஹாரி வாஷிங்டன் என்று ஒருவர். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையிலிருந்து தப்பி ஓடிய அடிமை! விடுதலை நகரத்தில் அவருக்கு நிம்மதி கிடைத்ததா? இல்லை. நிலத்துக்கு வரி கிடையாது என்று சொல்லி அழைத்துவந்த சியரா லியோன் கம்பெனி, பிறகு வரி கேட்டது. 1800-ல் மக்கள் எதிர்த்து எழுந்தார்கள். ஜமைக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்டு அப்போதுதான் வந்து இறங்கிய மெரூன் இன மக்களை வைத்தே கம்பெனி அந்தக் கிளர்ச்சியை அடக்கியது. இருவர் தூக்கிலிடப்பட்டார்கள். ஹாரி வாஷிங்டன் ஆற்றின் வடகரைக்கு விரட்டப்பட்டார். இன்று விமான நிலையம் இருக்கும் பக்கம் அது.

அம்மாவைக் கண்ட மகன்

1808-ல் ஃப்ரீடவுன் பிரிட்டனின் நேரடிக் காலனி ஆனது. அதன்பின் கடற்படை நடுக்கடலில் அடிமைக் கப்பல்களை மடக்கிப் பிடித்து, உள்ளே இருந்தவர்களை இங்கே கொண்டுவந்து இறக்கியது. அடுத்த அரை நூற்றாண்டில் இப்படி வந்தவர்கள் பல பத்தாயிரம் பேர். ஒவ்வொருவரின் பெயர், வயது, உயரம், உடல் அடையாளம் எல்லாம் பதிவேட்டில் எழுதப்பட்டன. அந்தப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. அவர்கள் நுழைந்த 'கிங்ஸ் யார்டு' கல் வாசலும் கன்னாட் மருத்துவமனை அருகே நிற்கிறது.

1822-ல் இறங்கியவர்களில் ஒருவன் அஜயி என்ற யொரூபா சிறுவன். 1827-ல் தொடங்கிய ஃபூரா பே கல்லூரியின் முதல் மாணவர்களில் ஒருவனாகப் படித்தான். பிறகு சாமுவேல் அஜயி கிரவுதர் என்ற பெயரில் ஆங்கிலிகன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப் ஆனார். அதைவிட மனதைத் தொடும் செய்தி, பிரிந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு, 1846-ல் அவர் தன் தாயைக் கண்டுபிடித்தார்!

எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் பேசிப் பேசி உருவான மொழிதான் க்ரியோ. ஆங்கிலமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்தது. இன்று நாடு முழுக்க அதுதான் பொது மொழி. அவர்கள் நலம் விசாரிப்பது எப்படித் தெரியுமா? "ஹவ் டி பாடி?" நம்ம ஊர் 'உடம்பு எப்படி இருக்கு?' மாதிரியேதான். சாப்பாட்டிலும் நமக்குச் சொந்தக்காரர்கள். மரவள்ளி இலைக் குழம்பும் சோறும் அவர்களுக்கு உயிர். வேறு எதைத் தின்றாலும், சோறு சாப்பிடாவிட்டால் சாப்பிட்டதாகவே கணக்கில்லை!

மரம் விழுந்த இரவு

1961 ஏப்ரல் 27-ல் நாடு சுதந்திரம் பெற்றது. அதன்பிறகும் சோதனைகள் ஓயவில்லை. 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர். 1999 ஜனவரியில் கிளர்ச்சிப் படை தலைநகருக்குள்ளேயே புகுந்தது. பிறகு எபோலா. 2017 ஆகஸ்டில் பெருமழையில் மலைச்சரிவு.

இத்தனையையும் தாண்டி நின்ற அந்த இலவ மரம், 2023 மே 24 அன்று புயல் மழையில் சாய்ந்தது. சுமார் 70 மீட்டர் உயர மரம், அடிமரம் மட்டும் மிஞ்சியது. மறுநாள் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து, வீட்டுப் பெரியவர் போனதுபோல நின்றார்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு; ஊரைச் சுற்ற அதுவே நல்ல நேரம். நேரமிருந்தால் படகு பிடித்துப் பன்ஸ் தீவுக்கும் போய் வாருங்கள். இடிந்த சுவர்களுக்கு நடுவே மரங்கள் முளைத்துக் கிடக்கின்றன. திரும்பும்போது, ஒருகாலத்தில் அடிமைக் கப்பல்கள் போன அதே ஆற்றுவழியாகத்தான் ஃப்ரீடவுன் வந்து சேர்வீர்கள்.