ஹேங் ஆவது வேறு, அணைந்து எழுவது வேறு

கார்டன் ரீச்,
கொல்கத்தா.

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் உன் குரலைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. ஆவணி முகூர்த்தப் பத்திரிகை வேலைகள் குவிந்து கிடக்க, கம்ப்யூட்டர் நாளைக்கு நாலு தடவை நின்றுபோனால் என்ன செய்வாய்? மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள் என்றாய். பணத்தைக் கொடுத்துவிடாதே. நான் பட்டதை முதலில் படி.

அப்பாவின் டைரியை டைப் செய்துகொண்டிருந்தேன் அல்லவா? அரை மணி நேரம் ஓடும், அப்புறம் மவுஸ் அம்பு அப்படியே நின்றுவிடும். சில சமயம் பட்டென்று அணைந்து தானே திரும்ப எழும். வைரஸ் என்று ஃபார்மெட் செய்தார்கள். ரேம் மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். இரண்டு மாதம், நாலாயிரம் ரூபாய். நோய் போகவில்லை.

பக்ரீத்தில்தான் விடிந்தது. நாங்கள் குடியிருக்கும் மேட்டியாபுரூஸ் பக்கம் வீட்டுக்கு வீடு தையல் மெஷின். 1856-ல் அவத் ராஜ்ஜியம் பறிபோய் இங்கே வந்த நவாப் வாஜித் அலி ஷாவோடு வந்த தையல்காரர்கள் ஆரம்பித்த தொழில் என்பார்கள். எங்கள் கீழ்வீட்டிலும் ஓர் ஓஸ்தாகர், தையல் முதலாளி, பட்டறை வைத்திருக்கிறார். பண்டிகைக்கு ஆட்கள் ஊருக்குப் போய் அஞ்சு நாள் பட்டறை பூட்டிக் கிடந்தது. அந்த அஞ்சு நாளும் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை. ஆனால் ஹேங் ஆவது மட்டும் நிற்கவில்லை. அப்போதுதான் புரிந்தது, நான் ஒன்றென்று நினைத்தது இரண்டு வியாதி.

அன்றைக்கே ஒரு நோட்டு போட்டேன். எத்தனை மணிக்கு, ஹேங்கா அணைந்ததா, கீழே என்ன நடந்தது. பட்டறை திறந்து மூன்றே நாளில் தெரிந்துவிட்டது: கீழே இஸ்திரிப் பெட்டிகளைப் போடும்போதெல்லாம் மேலே அணைகிறது. எங்கள் யூ.பி.எஸ். பேட்டரி செத்து ஒரு வருஷம், நேராகச் சுவரில்தான் செருகியிருந்தேன். வோல்டேஜ் ஒரு கணம் இறங்கினால் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஏறக்குறைய 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும். எங்களுடையதை அத்தான் சாந்தினி மார்க்கெட்டுக்கு எடுத்துப் போனார். அங்கே திறந்து பார்த்ததில் பெரிய கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது, அதனால்தான் அந்த ஒரு கணத்தைக்கூடத் தாங்கவில்லை. நீ மட்டும் அந்தப் பெட்டியைத் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும்.

ஹேங்குக்குக் காரணம் சூடு. பயாஸில் பார்த்தேன், பிராசஸர் 92 டிகிரி. கேபினெட் பக்கவாட்டைக் கழற்றினால், ஃபேனுக்கு அடியில் ஹீட்சிங்க்கின் இடுக்கெல்லாம் பஞ்சு. தூசி இல்லை தம்பி, பஞ்சு. தைக்கிற துணியின் பிசிறு ஹூக்ளிக் காற்றின் ஈரத்தில் படிந்து படிந்து சாம்பல் நிறக் கம்பளித் துண்டாகவே ஆகியிருந்தது. ஒரே உரியாக உரித்து எடுத்தேன். கீழ்வீட்டுச் சாச்சா மெஷின் துடைக்கிற பிரஷ்ஷைக் கொடுத்தார். பிராசஸர் மேலிருந்த பழைய தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாய்க் காய்ந்திருந்தது. துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வைத்தேன். இப்போது 55 தாண்டுவதில்லை.

உன் கம்ப்யூட்டருக்கு வருகிறேன். முதல் வேலை, வாடிக்கையாளர் ஃபைல்களை எல்லாம் இன்றே வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்து வை. ஹார்ட் டிஸ்க்கே சாகக் கிடந்தாலும் இப்படித்தான் ஹேங் ஆகும், டிஸ்க் போனால் மதர்போர்டு மாற்றி என்ன பயன்? அப்புறம் நோட்டு. ஈவென்ட் வியூவரில் ‘கர்னல்-பவர் 41’ என்று இருந்தால் பயப்படாதே. ஒழுங்காக மூடாமல் அணைந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது, அதை வைத்து எந்தப் பாகத்தையும் குற்றம் சொல்ல முடியாது. ரேமைக் கழற்றி, தங்கநிறக் காலை ரப்பரால் தேய்த்து மாட்டி, ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் ஓடவிடு. ஒரு பிழை காட்டினாலும் ரேமை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான், செய்த பிறகு ரெண்டு நாள் பார். உன் கடையில் லேமினேஷன் மெஷினும் அதே லைனில்தானே ஓடுகிறது? அது சூடேறும் நேரத்தையும் நோட்டில் எழுது. பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, அத்தானும் நானும் உட்கார்ந்து பார்க்கிறோம்.

அப்பா டைரியில் 1987 வரை முடித்துவிட்டேன். நீ பிறந்த நாளை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார். அச்செடுத்து அடுத்த தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா