பத்திரம் யார் பெயரில் இருக்கிறது?

கலிஃபோர்னியாவில் வீடு வாங்கும்போது, வட்டியில் கால் சதவீதம் குறையுமா என்று நம்மவர்கள் ஊரெல்லாம் விசாரிப்போம். அந்த வீடு நமக்குப் பிறகு பிள்ளைகள் கைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்ற பேச்சை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்போம். வீட்டில் சாவுப் பேச்சு எடுக்கக் கூடாது என்ற தயக்கம் ஒரு பக்கம். நாலு காகிதத்துக்கு வக்கீலிடம் ஆயிரக்கணக்கில் டாலர் கொடுப்பானேன் என்ற நினைப்பு இன்னொரு பக்கம்.

கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போட வேண்டும். இங்கே உயில் எழுதியிருந்தாலும், வீடு போன்ற பெரிய சொத்து பொதுவாக, இறந்தவரின் சொத்தைப் பிரித்துக் கொடுப்பதைக் கவனிக்கும் புரோபேட் நீதிமன்றத்தின் வழியாகத்தான் பிள்ளைகளுக்குப் போகும். அதற்கான வக்கீல் ஃபீஸைச் சட்டமே வகுத்திருக்கிறது: முதல் 1 லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1 லட்சத்துக்கு 3, பிறகு 10 லட்சம் வரை 2, அதற்கு மேல் 1 கோடி வரை 1. ஃப்ரீமாண்ட் பக்கம் 15 லட்சம் டாலர் வீடு என்றால் 28,000 டாலர். சொத்தை நிர்வகித்துப் பிரித்துக் கொடுப்பவரும் அதே தொகையைக் கேட்கலாம். வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி இருந்தாலும் கழிக்க மாட்டார்கள். ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தி வீட்டை அதன் பெயருக்கு மாற்றிவிட்டால் அந்த வீட்டுக்கு புரோபேட் வேண்டியதில்லை.

வக்கீல் உள்ளூர்க்காரராக இருப்பது முக்கியம். சொத்துச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டல்லாஸ் நண்பருக்கு எழுதிக் கொடுத்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நமக்கு உதவாது. வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் ஸ்டேட் பார் அமைப்பின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா, இந்தத் துறையில் நிபுணர் சான்று பெற்றவரா என்று தெரிந்துவிடும். ஃபீஸ் மணிக்கணக்கிலா, மொத்தமாக ஒரே தொகையா என்று முதலிலேயே கேளுங்கள். செலவு 1,000 டாலரைத் தாண்டும் என்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தை டிரஸ்ட் பெயருக்கு மாற்றி கவுண்டியில் பதிவு செய்வதும் அந்தத் தொகைக்குள் அடங்குமா என்று விடாமல் கேளுங்கள். டிரஸ்டுக்குப் பணம் கட்டிவிட்டுப் பத்திரத்தை மாற்றாமலே இருக்கும் குடும்பங்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

நாங்கள் அமர்த்திய வக்கீல் அம்மையார் பேச்சைச் சொத்தில் ஆரம்பிக்கவில்லை. "உங்கள் இருவருக்கும் ஒரே இரவில் ஏதாவது ஆகிவிட்டால், குழந்தைகளை அன்று இரவு யார் அழைத்துப் போவார்கள்?" என்று கேட்டார். மதுரையில் இருக்கும் என் அக்கா என்றோம். அக்காவிடம் விசா இருக்கிறதா என்றார். இல்லை. அதனால், அக்கா வந்து சேரும்வரை இரண்டு தெரு தள்ளி இருக்கும் நண்பர் குடும்பத்தைத் தற்காலிகப் பொறுப்பாளராகவும், நிரந்தரமாக அக்காவையும் எழுதினோம். நியமிப்பது நீதிமன்றம்தான், ஆனால் பெற்றோர் எழுதிவைத்த பெயருக்கு அங்கே மதிப்பு உண்டு. ஃபோனில் சொன்னபோது அக்கா, "நான் பாக்காம வேற யாருடா பாப்பா? இதை எழுதி வேற வைக்கணுமா?" என்றாள். ஆமாம் அக்கா, வைக்கணும்.

எங்கள் உயிலின் வரைவைப் படித்துக் காட்டும்போது முதல் வரியில் பேனாவை வைத்து நிறுத்தினார். முன்பு எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன் என்பது வழக்கமான வாசகம். மதுரையில் எங்களுக்கு இருக்கும் வீட்டுக்கு நாங்கள் அங்கே தனி உயில் எழுதினால் இதுவும் அதுவும் மோதக் கூடாது என்று, இந்தியச் சொத்துக்கு இந்த உயில் பொருந்தாது என ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரிக்காகவே அவருக்குக் கொடுத்த ஃபீஸ் தகும். மதுரை உயிலை அங்கேயே ஒரு வக்கீலை வைத்து எழுதப்போகிறோம். இந்தியாவில் உயிலைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் பதிவு செய்துவிடலாம் என்று இருக்கிறோம்.